ஒரே அடுப்பு என்று சொன்ன வீடு

"உங்க குடும்பத்துக்கு இந்த வருஷத்து வரம்பு முடிஞ்சு போச்சும்மா" என்றாள் மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் இருந்தவள்.

நான் அந்தக் காப்பீட்டு அட்டையை அதுவரை யாரிடமும் நீட்டியதே இல்லை. அதைச் சொன்னேன். அவள் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு படித்துக் காட்டினாள். இருதய அறுவை சிகிச்சை. ஆண். கட்டணம் முழுதும் திட்டத்தில் செலுத்தப்பட்டது.

என் கொழுந்தன்.

"அவரு என் வீட்டுக்காரரோட தம்பிங்க. அவங்க குடும்பம் வேற, நாங்க வேற."

"இதுல ஒரே குடும்பம்னுதானே இருக்கு. ஒரே கதவு எண், ஒரே அடுப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தவங்க பதிஞ்சிருக்காங்க."

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தினால் அல்ல, அந்த மாதங்களில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் நின்றேன். கருப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. சற்று முன்புதான் மேல்மாடியில் டாக்டர் சொல்லியிருந்தார்: "எடுத்துடணும்மா. இப்படியே போயிட்டிருந்தா அப்புறம் ஆபரேஷனை உங்க உடம்பே தாங்காது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தனி அட்டை கேட்டு மனு போடுங்க. மறுபடி ஆள் வருவாங்க. தனி அடுப்புதான்னு உறுதியாச்சுன்னா உங்களுக்குப் புது அட்டை, புது வரம்பு." அவள் குரலில் வன்மம் எதுவும் இல்லை. காலையிலிருந்து எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பாளோ. "தள்ளி நில்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்குது."

சாலையைக் கடந்து கடைக்குப் போனேன். மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில்தான் எனக்கு வேலை. அட்டை, முன்பக்கம் பின்பக்கம், டாக்டர் சீட்டு, ஸ்கேன் அறிக்கை. மூடியைத் தூக்கு, வை, அமுக்கு, எடு. எந்திரத்தின் சூடு வயிற்றில் படும். வலி இருக்கும் நாட்களில் அது இதமாகக்கூட இருக்கும். கடை முதலாளி வேடிக்கையாகப் பேசுபவர். "இந்தத் திட்டம் வந்தப்புறம் ஆஸ்பத்திரியில குணமானவங்களைவிட எங்கிட்ட ஜெராக்ஸ் எடுத்தவங்கதான் ஜாஸ்தி" என்பார். அன்று என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். முன்பு நாலைந்து திட்டங்கள் இருந்தன. ஒன்றில் இருந்தவருக்கு இன்னொன்றில் இடமில்லை. எதிலுமே இல்லாதவர்கள்தான் அதிகம். அரசு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு ஒன்றாக்கியது. 'ஒரு அடுப்பு, ஒரு குடும்பம், ஒரு அட்டை' என்று சுவர் சுவராக எழுதினார்கள். அந்த அட்டை இல்லாவிட்டால் என் கொழுந்தன் இன்று இல்லை. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்த நாங்கள் எல்லோரும் அந்தத் திட்டத்தைக் கும்பிடாத குறைதான். நானும்தான்.

எங்கள் வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. முன் அறையை ஒட்டிய சமையலறை ஓரகத்திக்கு. பின் தாழ்வாரத்தைத் தடுத்துக் கட்டியது எனக்கு. எதற்காகப் பிரிந்தோம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். மாமியார் காலையில் இங்கே சாப்பிடுவார், இரவில் அங்கே. அது யாரும் பேசி முடிவு செய்ததல்ல. தண்ணீர் தன் வழியைப் பிடித்துக்கொள்வதுபோல அப்படி ஆகிவிட்டது.

முதல் தடவை சரிபார்க்க வந்தது ஒரு சின்னப் பெண். கையில் டேப்லெட். கூடவே தெருவில் பாதிப் பேர், அடுத்து தங்கள் வீடு என்பதால் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். "வீட்டுல எத்தனை அடுப்பு?" என்று அவள் கேட்டதும் மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை அடுப்பா? என்னம்மா இப்படிக் கேக்கறே? என் பசங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. ஒரே அடுப்புதான்."

வாசலில் நின்றவர்களுக்கு உண்மை தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று மாமியாருக்கும் தெரியும். ஆனாலும் வெளி ஆள் முன்னால் குடும்பத்தை விட்டுக்கொடுக்க முடியாது. ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய்ப் பின்தாழ்வாரக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அவள் தன் அடுப்பில் எல்லோருக்கும் டீ போட்டு, என் டம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அந்தப் பெண் டீயைக் குடித்துவிட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒண்ணா இருக்கறது பெரிய விஷயம்ங்க" என்று பதிந்துகொண்டு போனாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். பொய்தான். ஆனால் அந்தச் சிறிது நேரம் அப்படி இருப்பது நன்றாகவே இருந்தது.

மனு போட்ட அன்று மாலை என் கணவர் பள்ளி வேனை நிறுத்திவிட்டு வந்ததும் சொன்னேன். வேன் ஓட்டி ஓட்டி அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு நிதானம் வந்துவிட்டது. குறுக்கே எது வந்தாலும் முதலில் பிரேக்கில்தான் கால் போகும்.

"ஆள் வந்தா தனித்தனின்னு சொல்லிட்டாப் போச்சு."

"அத்தையைக் கேப்பாங்க. பெரியவங்க எந்த அடுப்புல சாப்பிடறாங்களோ அந்த அட்டையிலதான் அவங்க பேரு வருமாம். அவங்க வாயால சொல்லணும்."

அவர் சட்டைப் பொத்தானை அவிழ்ப்பதை நிறுத்தினார். "அம்மாகிட்ட போய் நீ யார் பக்கம்னு நான் எப்படிக் கேக்கறது?"

"கேக்கலைன்னா நான் செத்துப்போவேன்" என்று சொல்லியிருக்கலாம். மிகையாக இருக்குமோ என்று தோன்றியது. "சரி, நானே கேக்கறேன்" என்றேன்.

கேட்டேன். மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ஊரைக் கூட்டி வச்சு ஒண்ணுன்னு சொல்லிட்டு, இப்ப ரெண்டுன்னு சொல்லணுமா?"

"அத்தை, இல்லைன்னா எனக்கு ஆபரேஷன் பண்ணமாட்டாங்க."

"பண்ணமாட்டாங்கன்னு சொல்ல அவங்க யாரு?" என்றார். பிறகு, "யோசிக்கறேன்" என்றார். மறுபடி கீரைத் தண்டுகளை ஒடிக்கத் தொடங்கினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் நாங்கள் நிஜமாகவே ஒரே அடுப்பாகியிருந்தோம். கொழுந்தன் மருத்துவமனையில் கிடந்தபோது அவன் பிள்ளைகளுக்கு நான் சமைத்துப் போட்டேன். அவன் வீடு திரும்பியதும் நான் படுத்தேன். ஓரகத்தி எனக்கும் சேர்த்து உலை வைக்க ஆரம்பித்தாள். என் அடுப்பைப் பற்றவைத்தே பல வாரமாகியிருந்தது. ஒன்று என்று பொய் சொன்னோம், இரண்டாக இருந்தோம். இப்போது இரண்டு என்று சொல்லவேண்டிய நேரத்தில் ஒன்றாகிவிட்டோம். இதை நினைத்துச் சிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. பழைய மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாப் போதும். அது நமக்கு நல்லா வரும்" என்றாள் ஓரகத்தி.

"உனக்கு வரும். எனக்கு மறந்து போச்சு."

"உங்களுக்கா? அக்கா, நீங்க அதுல டிகிரி வாங்கினவங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இவளும் இத்தனை வருடம் என் முகத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நான் உள்ளே போட்டுப் பூட்டி வைத்ததாக நினைத்ததெல்லாம் வெளியேதான் இருந்திருக்கிறது.

இந்த முறை வந்தவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய மனிதர். ஹெல்மெட்டைக் கழற்றி வைக்க இடம் தேடி, கடைசியில் மடியிலேயே வைத்துக்கொண்டார். எங்களைவிடக் களைத்துப்போயிருந்தார்.

"போன தடவை ஒரே அடுப்புன்னு சொல்லியிருக்கீங்க."

"அப்ப ஒண்ணா இருந்தோம் சார். இப்ப பிரிஞ்சுட்டோம்" என்றார் என் கணவர், சுவரைப் பார்த்தபடி.

"என்ன காரணம்?"

இதை மட்டும் நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

"ஒத்துப்போகலை சார்" என்றான் கொழுந்தன், நெஞ்சில் கை வைத்தபடி. தையல் போட்டதிலிருந்து பேசும்போதெல்லாம் அவன் கை அங்கேதான் போகும்.

அவர் பெருமூச்சு விட்டார். "இந்தத் தெருவுல மட்டும் இது எத்தனாவது வீடு தெரியுமா சார்? போன வருஷம் வரைக்கும் எல்லாரும் ஒத்துமை. யாருக்காவது ஒரு பெரிய ஆபரேஷன் ஆச்சுன்னா மறு மாசமே அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆகலை. நான் எழுதிக் குடுத்துட்டா மேலே என்னைக் கேக்கறாங்க. அடுப்பைப் பார்க்கணும், வாங்க."

முன் சமையலறையைப் பார்த்தார். அடுப்பின்மேல் ஒரு சட்டி. மூடியைத் தூக்கிப் பார்த்தார். பின்தாழ்வாரத்துக்கு வந்தார். என் அடுப்பைக் காலையிலேயே துடைத்துப் பற்றவைத்திருந்தோம். அதன்மேலும் ஒரு சட்டி. அதன் மூடியையும் தூக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"ரெண்டு வீட்டுலயும் ஒரே குழம்பா?"

ஓரகத்தியின் கை வாய்க்குப் போனது. என்னை நிற்க வைக்கக் கூடாது என்று, அவளே விடிகாலையில் ஒரே குழம்பாகச் செய்து இரண்டு சட்டியில் ஊற்றி வைத்துவிட்டாள். காய்கூட ஒரே மாதிரி, அவள் வழக்கமாக நறுக்கும் பெரிய துண்டுகள். வேறு எதையாவது கொதிக்க வைத்திருக்கலாம். வெறும் தண்ணீரை வைத்திருந்தாலும் போதும். எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

"அது... இன்னைக்கு ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"விடுங்க சார்." அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேனாவை எடுத்துவிட்டார். அவர் என்ன எழுதப்போகிறார் என்று எனக்குத் தெரியும். தாழ்வாரத் தூணில் சாய்ந்துகொண்டேன். கால்களுக்கிடையே ஈரம் பரவுவது தெரிந்தது. அடுத்த வருடம்வரை இந்த உடம்பை எப்படி இழுத்துக்கொண்டு போவது என்று நினைத்தேன். அழுகை வரவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

"அந்தக் குழம்பு சின்னவ குடுத்தது" என்றது ஒரு குரல்.

மாமியார் எழுந்து வந்திருந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவளால நிக்க முடியலை. பாவமேன்னு அவ ஒரு சட்டி ஊத்திக் குடுத்தா. உங்க பக்கத்து வீட்டுல யாராவது படுத்துக்கிடந்தா உங்க வீட்டுல குடுக்கமாட்டாங்களா? குடுத்தா அவங்களும் உங்க குடும்பமா?"

அவர் பேனாவை நிறுத்தினார். "பெரியம்மா, போன தடவை நீங்கதானே ஒரே அடுப்புன்னு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். வாசல்ல ஊரே நிக்குது, என் வீடு ரெண்டா கிடக்குன்னு சொல்லுவேனா? பொய் சொன்னேன். எழுதிக்கோங்க."

"அப்ப நீங்க எந்த அடுப்புல சாப்பிடறீங்க?"

மாமியார் என்னைப் பார்த்தார். நேராக, நீண்ட நேரம். பிறகு அவரிடம் திரும்பினார்.

"சின்னவகிட்டதான். இவகிட்ட யாரு சாப்பிடுவா? உப்பு இருந்தா உறைப்பு இருக்காது. அதுகூடப் பரவாயில்லை, வாய்க்குப் பழகிடும். தட்டை வைக்கறா பாருங்க, அந்தச் சத்தத்துலயே தெரியும், கிழவி எப்ப எழுந்து போவான்னு காத்திருக்கான்னு. ஒரு வார்த்தை சொன்னா திருப்பிச் சண்டை போடணும்ல? போடமாட்டா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்குவா. மனசுல என்ன இருக்குன்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட எனக்குத் தெரிஞ்சதில்லை. பெத்த ஒரு பொண்ணையும் ஹாஸ்டல்ல விட்டுட்டா. அது லீவுக்கு வந்தாலும் சின்னவ பக்கம்தான் போய் உக்காரும். இந்தக் கையால போடற சோத்தை நான் எப்படித் தின்னுவேன், சொல்லுங்க?"

"அம்மா" என்றார் என் கணவர்.

"நீ சும்மா இருடா. கேக்கறாருல்ல, சொல்றேன்."

சரிபார்க்க வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறர் வீட்டுச் சங்கதியைக் கேட்டுவிட்ட கூச்சம் அந்த முகத்தில் தெரிந்தது. இவ்வளவு நுணுக்கமாக யாராலும் பொய் சொல்ல முடியாது என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். எனக்கும் அதுதான் பட்டது. நான் தட்டை வைத்துவிட்டு, மாமியார் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுப்பைத் துடைப்பதுபோல முதுகைக் காட்டி நிற்பது உண்மைதான். அவர் அதைக் கவனித்துக்கொண்டேதான் காலை தவறாமல் அதே தட்டின் முன் வந்து உட்கார்ந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பெரியம்மா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார் அவர், மெதுவாக. "சின்னவர் அட்டையில இந்த வருஷத்துக்கு ஒண்ணும் மிச்சம் இல்லை. அதுல உங்க பேரு போச்சுன்னா, உங்களுக்கு ஏதாவது ஆனா ஒண்ணும் கிடைக்காது. பெரியவர் அட்டையில சேர்ந்துட்டா அந்தப் புது வரம்புல உங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? எனக்கு என்ன வரப்போகுது? வந்தா போய்ச் சேர்றேன். அவ அட்டையில எனக்கு இடம் வேண்டாம். அது அவளோடவே இருக்கட்டும். சின்னவன்னு போடுங்க."

அவர் எழுதினார். மாமியாரிடம் கைரேகை வாங்கினார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் தேய்ந்ததும் ஓரகத்தி உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "எல்லாம் என்னாலதான். ஒரே குழம்பை ஊத்தி வச்சேனே, புத்தி எங்கே போச்சு எனக்கு" என்றாள். அவளைத் தேற்றவேண்டியது நான்தான். நான் அறைக்குள் போனேன். கதவைச் சாத்தக் கை போனது. சாத்தாமல் படுத்துக்கொண்டேன்.

புது அட்டை வந்தது. அதில் மூன்று பேர்: என் கணவர், நான், மகள். உதவி மேசையில் அதே பெண். திரையைப் பார்த்துவிட்டு, "வரம்பு முழுசா இருக்கும்மா, அட்மிஷன் போட்டுடலாம்" என்றாள். முதலாளி ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

அன்றிலிருந்து மாமியார் காலையில் என் பக்கம் வரவில்லை. திடீரென்று யாராவது வந்து பார்த்தால் வம்பாகிவிடும் என்று ஓரகத்தி சொன்னாள். அதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை எத்தனையோ முறை மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். எனக்காகச் சொன்னார் என்று ஒரு பக்கம் தெரியும். இத்தனை வருடமாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்ல ஒரு சாக்குக் கிடைத்தது என்று இன்னொரு பக்கமும் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள என் உடம்பில் ரத்தம் போதவில்லை.

மருத்துவமனையில் சேரும் நாளுக்கு முந்தைய மாலை, நான் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து வாசற்படியில் நின்றார்.

"கூட யாரு இருக்கப்போறா?"

"பொண்ணுக்குப் பரீட்சை. சின்னவளைக் கேட்டிருக்கேன் அத்தை."

"அவ வந்தா அவனுக்கு மாத்திரை யாரு குடுக்கறது? புள்ளைங்களை யாரு பார்க்கறது?" திறந்து கிடந்த பையைப் பார்த்தார். "நான் வரேன்."

"உங்களால ஆஸ்பத்திரியில உக்கார முடியாது அத்தை."

"உக்காரத்தானே போறேன். ஓடவா போறேன்?" உள்ளே வந்து, நான் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்து உதறி, மறுபடி மடித்தார். "இப்படியா மடிக்கறது? பையில எப்படி நிக்கும்?"

மருத்துவமனைக் கட்டிலை நினைத்துப் பார்த்தேன். எழ முடியாமல், கதவு என்று எதுவும் இல்லாத பொது வார்டில், காலையிலிருந்து இரவுவரை இந்தப் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டு நான் கிடக்கவேண்டும். எதற்காக அப்படிச் சொன்னார் என்று கேட்டுவிடலாமா என்று வாய்வரை வந்தது. அவர் இரண்டாவது சேலையையும் உதறினார்.

"அந்தக் கம்பளியையும் எடுத்துக்கோங்க அத்தை" என்றேன். "அங்கே உங்களுக்குக் குளிரும்."